ஆரு நிண்டு எடுத்த?

பொத்துவிலுக்கும் திருக்கோவிலுக்கும் இடையில் கடலோரமாய்க் கிடக்கும் ஊர் கோமாரி. 2004 டிசம்பர் 26 இல் அந்தக் கடல் ஊருக்குள் வந்தது. அண்மையில் அங்கு ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தபோது, கடைக்காரரின் மகன் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினான். கரிய அலை எழுகிறது, தென்னைகள் சாய்கின்றன, ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். பின்னணியில் ஒரு பெண்குரல் ஒப்பாரி வைக்கிறது. பக்கத்திலிருந்த முதிய மீனவர் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மனே, இத ஆரு நிண்டு எடுத்த?”

“ஆரும் எடுக்கல்ல மாமா. ஏஐ செஞ்ச.”

“அப்ப அந்தப் புள்ளக்கி ஒண்டும் ஆகல்லியா?”

அப்படியொரு பிள்ளையே இல்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது? பையன் பேசாமலிருந்தான்.

செயற்கை நுண்ணறிவு ஆக்கும் இசையும் காணொளியும் மனித ஆக்கங்களின் இடத்தைப் பிடித்துவிடுமா என்று பலரும் கேட்கிறார்கள். அந்த முதியவரின் முதல் கேள்வியிலேயே விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. அது நமக்குப் புதிய கேள்வியுமல்ல. ஒரு செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும், சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்றே ஹதீஸ்கலை இமாம்கள் தேடினார்கள். அறிவிப்பாளர் தொடர் அறுந்துபோனால், வாசகத்தின் அழகு அதைக் காப்பாற்றவில்லை.

இயந்திரத்தைப் பழிப்பது என் நோக்கமல்ல. கல்யாண வீடியோவுக்குப் பின்னணி இசை, கடை விளம்பரத்துக்கு ஒரு மெட்டு போன்றவற்றை அது சில நிமிடங்களில் தந்துவிடுகிறது. அவற்றைச் செய்து பிழைத்தவர்களின் இடத்தை அது பிடிக்கவே செய்யும். அந்த வயிற்றுப்பாட்டை நாம் இலேசாக எண்ணிவிடக் கூடாது.

2024 இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படப் பாடலொன்றில், 1998 இல் விபத்தில் மறைந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022 இல் மறைந்த பம்பா பாக்யாவின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் இத்தொழில்நுட்பத்தால் ஒலிக்க வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாகப் பகிரங்கமாகவே சொன்னார். அது நேர்மையான செயல். கேட்டபோது நானும் நெகிழ்ந்தேன். ஆயினும் ஒன்று உறுத்தியது. உயிரோடிருக்கும் பாடகன் ஒரு வரியைப் பாட மறுத்து எழுந்து போகலாம். குரல் அவன் விட்டுச்சென்ற சொத்தாகலாம். அவனுடைய சம்மதமும் வாரிசுகளுக்குச் சேருமா? மறுக்க இயலாத குரலில் நிய்யத் எங்கே இருக்கிறது?

நம் வயல்களில் காவற் பரணிலிருந்து கவி பாடியவர்களின் பெயர்களும் நமக்குத் தெரியாதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பெயர் தெரியாவிட்டாலும் ஆள் இருந்தார். பன்றி வரும் இருளில் கண்விழித்தவர் அவர். அவரிடம் கேட்டவர் தம் துயரையும் சேர்த்துப் பாடினார். அப்படி வாய்க்கு வாய் வந்தே என் உம்மம்மாவின் தாலாட்டாயிற்று. அந்தத் தொடரில் பெயர்கள் அழிந்தன. மனிதர் எவரும் விடுபடவில்லை.

ஓசையையும் உருவத்தையும் இயந்திரம் தரலாம். ‘நான் அங்கு நின்றேன்’ என்று அதனால் சொல்ல முடியாது. கலையிடம் நாம் கடைசியாகக் கேட்பது அந்தச் சாட்சியத்தைத்தான்.

நான் எழும்பும்போது பையன் தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தான்.

“அண்டைக்கி நீங்க எங்க நிண்ட, மாமா?”

முதியவர் கடலைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். நான் மீண்டும் அமர்ந்துகொண்டேன்.