பெயரிடுவோர் பொறுப்பு

அரூர் வழியாகச் சித்தேரி மலைக்குச் செல்லும் ஒருவர், அங்கு வாழும் மக்கள் யாவர் என்று வினவினால், 'மலையாளிகள்' என்னும் விடை கிடைக்கும். கேரள நாட்டினர் தருமபுரி மாவட்டத்து மலையில் எப்போது குடியேறினர் என்று அவர் ஐயுறுவது இயல்பே. உண்மை அதுவன்று. மலைவாழ் மக்கள் என்னும் பொருளில் வழங்கும் பெயர் அது. அவர்கள் பேசும் மொழி தமிழே. பெயரில் பொய் ஏதுமில்லை. ஆயினும், சொல்பவர் கருதிய பொருள் ஒன்று. கேட்பவர் உள்ளத்தில் எழும் பொருள் மற்றொன்று. இந்த இடைவெளியால் எவருக்கேனும் தீங்கு நேருமாயின், அதற்குப் பொறுப்பு யாருடையது? பெயரிட்டவருடையதா, அதை நம்பியவருடையதா?

இவ்வினா பழமையானது. முதல் மனிதன் உயிரினங்களுக்குப் பெயரிட்டதைத் தொடக்கநூல் கூறுகிறது. ஒவ்வொன்றும் அவன்முன் கொண்டுவரப்பட்ட பின்னரே அவன் பெயரிட்டான் என்பதும் அங்கு நம் கருத்துக்குரியது. நம் காலத்திலோ இவ்வினாவைக் கூர்மையாக விவாதித்தவர்கள் நாம் எதிர்பாராத ஒரு கூட்டத்தார்: கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர். அவர்களிடம் நாம் சிறிது கற்போம்.

கணிப்பொறியின் அனைத்து வேலைகளையும் தாங்கி நிற்கும் அடிப்படை நிரல்தொகுதியை இயங்குதளம் என்பர். 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் அத்தகையது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவதும் அதுவே. இது பெரும்பாலும் 'சி' என்னும் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டது. அம்மொழியில் 'மேக்ரோ' என்றொரு வசதி உண்டு. நீண்டதொரு தொடருக்குக் குறும்பெயர் ஒன்றைச் சூட்டிவிடலாம். பின்னர் அப்பெயர் வரும் இடங்களிலெல்லாம் பெயர் நீக்கப்பட்டு, நீண்ட தொடர் அப்படியே வைக்கப்படும். இயந்திரம் செயலில் இறங்குவதற்கு முன்பே பெயர் மறைந்துவிடுகிறது. ஆகவே, அப்பெயர் இயந்திரத்திற்காக அன்று. படிக்கும் மனிதருக்காகவே இடப்படுகிறது.

எளிய காட்டு ஒன்று காண்போம். ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்குவதற்கு 'இருமடி' என்று ஒருவர் மேக்ரோ எழுதுகிறார். கொடுத்ததை இருமுறை எழுதி, நடுவே பெருக்கல் குறி இடுக என்பதே அதன் உட்பொருள். மற்றொருவர் அப்பெயரை நம்பி, 2+3 என்பதை அதனிடம் கொடுக்கிறார். 5-இன் இருமடியாகிய 25 வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் பெயர் நீங்கிய இடத்தில் நிற்பது 2+3×2+3. பெருக்கலை முதலில் செய்வது முறையாதலால் விடை 11. அடைப்புக்குறிகளை இட மறந்தவர் ஒருவர். தவறான விடையைப் பெற்றவர் வேறொருவர். பெயரோ இருவரிடையே குற்றமற்றதுபோல் நிற்கிறது.

இதனாலன்றோ மேக்ரோக்களின் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளால் எழுதும் வழக்கம் தோன்றியது! 'உள்ளே பார்த்துவிட்டுப் பயன்படுத்துக' என்னும் எச்சரிக்கை அது. ஆயினும் எல்லா மேக்ரோக்களும் அவ்வழக்கிற்கு உட்படவில்லை. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டில் லினக்ஸின் 2.4.9 பதிப்பு வெளிவந்தபோது, சிறிய எழுத்துகளில் அமைந்த ஒரு பெயரைப் பற்றி நிரலாளரிடையே பெரும் விவாதம் மூண்டது. இரண்டு எண்களுள் சிறியதைத் தெரிவிக்கும் 'மின்' என்னும் மேக்ரோவே அதற்குக் காரணம்.

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கழித்தல் 1, கூட்டல் 10 ஆகியவற்றுள் சிறியது எது? குழந்தையும் சொல்லும். ஆனால் கழித்தல் குறியை அறியாத எண்வகை ஒன்றும் கணிப்பொறியில் உண்டு. அவ்வகையாகக் கொண்டு ஒப்பிட்டால், 32 இருமக் கணக்கில் கழித்தல் 1 என்பது 4,294,967,295 ஆகிவிடும், 10 சிறியதாகிவிடும். இப்பிழை வெளியே தெரியாமல் நிகழும். அதைத் தடுக்க, எந்த எண்வகையில் ஒப்பிட வேண்டும் என்பதையும் எழுதுபவர் சொல்லியாக வேண்டும் என்று 'மின்' மாற்றியமைக்கப்பட்டது. இரண்டு செய்திகளைக் கேட்டுவந்த பெயர் மூன்றைக் கேட்கலாயிற்று. பழைய முறையில் எழுதப்பட்ட நிரல்கள் தடைப்பட்டு நின்றன.

எதிர்த்தோர் கூறியது இது: 'நோக்கம் நன்றே. ஆயினும், யாவரும் ஒரு பொருளில் அறிந்த பெயரை எடுத்து அதற்கு வேறொரு பொருளைத் தருவானேன்? புதிய செயலுக்குப் புதிய பெயர் இடுக.' மாற்றத்தை ஆதரித்த டோர்வால்ட்ஸ் தரப்பின் வாதமோ வேறு: எழுதுவோரைச் சிந்திக்க வைப்பதே நோக்கம், சிந்தியாமல் பயன்படுத்திய பழைய பெயரிலேயே ஆபத்து இருந்தது. அடுத்த மாதம் வெளிவந்த 2.4.10 பதிப்பில் இணக்கம் காணப்பட்டது. 'மின்' மீண்டும் இரண்டு செய்திகளையே கேட்டது. அவ்விரண்டும் வேறுபட்ட வகையினவாயின் எச்சரித்தது. வகையையும் கேட்கும் மேக்ரோவுக்குத் தனிப்பெயர் கிடைத்தது. இரு தரப்பினரும் ஒன்றை ஒப்புக்கொண்டதை நாம் கவனிக்க வேண்டும். பெயர் என்பது ஒரு வாக்குறுதி. உள்ளே பாராமல் நம்புகிறவருக்கு அளிக்கும் வாக்குறுதி.

ஒருமுறை நிலைத்த பெயரை மாற்றுவது எளிதன்று. நம் ஆய்த எழுத்தே சான்று. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண்ணும் பெயரும் வழங்கும் யூனிகோடு தரத்தில், தமிழின் ஆய்தம் வடமொழிக்குரிய 'விசர்க்கம்' என்னும் பெயரால் பதிவாகியுள்ளது. ஒருமுறை வழங்கிய பெயரை மாற்றுவதில்லை என்பது அத்தரத்தின் கொள்கை. அப்பெயர்களை நம்பிப் பிறர் நிரல்கள் எழுதியிருப்பார்கள் அல்லவா? எனவே, 'ஆய்தம்' என்பது மாற்றுப்பெயராகக் குறிக்கப்பட்டதோடு சரி. ஓர் எழுத்துக்கு நேர்ந்த இப்பிழையால் எவரும் பசித்திருக்கவில்லை. மனிதருக்கு இடும் பெயர்களிலோ நிலைமை அவ்வாறில்லை.

மீண்டும் மலைக்கு வருவோம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 'மலையாளி' என்னும் பெயரைப் பழங்குடியினர் பட்டியலில் தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கே உரியதாகக் குறித்தது. கல்வி, வேலை, நிலம் பற்றிய உரிமைகள் அனைத்தும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியுள்ளன. சித்தேரியில் அச்சொல் விரிந்து அவ்வுரிமைகளைத் தருகிறது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் தங்களையும் பட்டியலில் சேர்க்குமாறு நெடுங்காலம் வேண்டிவந்தனர். பெயர் ஒன்றே, விரிவு வேறு.

இதனினும் கொடியது, உரிமை தராமல் உரிமையைப் பறிக்கும் பெயர். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உள்ளது. 1992-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரில் புகுந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் பாழாக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேருள் உயிரோடிருந்த 215 பேரையும் 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்தது.

ஓர் ஊர் முழுவதற்கும் 'கடத்தல்காரர்' என்னும் குறும்பெயர் இடப்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்ப்போம். அப்பெயருக்குப் பின்னே நின்ற உழவரும் தாயரும் குழந்தைகளும் மறைந்தனர். அத்துமீறிய கைகளின் குற்றத்தைப் பெயர் மேல் ஏற்றிவிட முடியாது. குற்றம் செய்தவர்கள் மனிதர்களே. ஆயினும், மனச்சான்று தடுத்திருக்க வேண்டிய இடத்தில் அப்பெயர் வழிவிட்டது. அதைத் திறந்து பார்த்து, பாதிக்கப்பட்டோரின் முகங்களைக் காண நீதிமன்றத்திற்கு 19 ஆண்டுகள் ஆயின.

குறும்பெயர்கள் இன்றி நாம் வாழ இயலாது என்பது மெய்யே. ஒவ்வொன்றையும் முழுதும் விரித்துரைக்க எவருக்கும் நேரமில்லை. ஆகவே, பெயர்களை விலக்குவதன்று நம் கடமை. பெயரிடுமுன் அதை நம்பப் போகிறவரையும் அதைச் சுமக்கப் போகிறவரையும் எண்ணிப் பார்ப்பது. பிறர் இட்ட பெயரைக் கையாளுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பது. பிழையென்று தெரிந்தால், மாற்ற இயலாவிடினும், அருகே உண்மையைக் குறித்து வைப்பது. நிரலாளர் ஓர் எண்ணின் பொருட்டு இத்தனை கவலை கொண்டனர்.

குடிகாரன், சோம்பேறி, வந்தேறி, உருப்படாதவன் என்று நம் இல்லங்களிலும் தெருக்களிலும் நாள்தோறும் எத்தனை பெயர்களை இடுகிறோம்! இன்று மாலைக்குள் அவற்றுள் ஒன்றையேனும் திறந்து பார்ப்போமா? உள்ளே ஒரு மனிதர் இருப்பார். அவருக்குத் திருமுழுக்கிலோ தொட்டிலிலோ அன்போடு இடப்பட்ட வேறொரு பெயர் இருக்கும்.