மலையேறும் முன் மூட்டையை அவிழுங்கள்

ஆடிச் சனிக்கிழமை விடிகாலையில் குச்சனூர்ச் சாலை முழுக்க மனிதர்கள். சுயம்பு சனீஸ்வரரைக் கும்பிட வந்தவர்கள், கைக்குழந்தையோடும் வயதான தாயோடும் நடந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் மூன்று இளைஞர்கள் சைக்கிளோடு வந்தார்கள். போடிமெட்டு ஏறப் போகிறார்களாம். ஒருவர் கேரியரில் கூடாரம், அதன்மேல் படுக்கை, எல்லாவற்றுக்கும் உச்சியில் அடுப்பும் பாத்திரமும். ஹேண்டில்பாரின் வலப்பக்கம் மட்டும் தண்ணீர்க் கேன் ஒன்று தொங்கி ஆடியது. கட்டியதுபோக மிஞ்சிய கயிறு பின்சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பியை உரசிக்கொண்டிருந்தது. நிறுத்திச் சொன்னேன். நேரமாகிறது என்று போய்விட்டார்கள்.

தம்பிகளே, தங்கைகளே, நீங்களாவது அப்படிக் கிளம்பாதீர்கள்.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். பாரம் முழுவதும் பின்னால் இருந்தால், ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல் அலையும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போகிற பாதை அது. நீங்கள் அரை அடி விலகினால் அந்த ஓட்டுநர் எங்கே ஒதுங்குவார்?

இறக்கம் இதைவிடக் கொடியது. நீங்களும் சைக்கிளும் சுமையும் சேர்ந்து 100 கிலோ என்று வையுங்கள். ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும்; மிச்சமெல்லாம் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும்தான். தேவையில்லாமல் ஏற்றிய ஒவ்வொரு கிலோவும் அந்தச் சூட்டில் சேர்கிறது. உயரத்தில் குவித்த மூட்டையோ, வேகம் கூடியதும் வண்டியையே உதற வைக்கும். அப்போது பதறி பிரேக்கை இறுக்கிவிடாதீர்கள். இரண்டு முழங்காலாலும் மேல்பாரை அணைத்துப் பிடித்து, மெல்ல மெல்ல வேகத்தைக் குறையுங்கள்.

எனக்கு இது புத்தகத்தில் கிடைத்த பாடம் அல்ல. பல வருடங்களுக்கு முன் அதே இறக்கத்தில் என் பையின் வார் அவிழ்ந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. சக்கரம் பூட்டி நான் விழுந்தேன். எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. என்மேல் ஏறாமலிருக்க ஒடித்துத் திருப்பிய பைக்காரர் ரோட்டில் சரிந்து முழங்கை கிழிந்து உட்கார்ந்திருந்தார். அந்த வாரை முந்தின இரவு ஒரு முடிச்சுப் போட்டிருந்தால் அவர் ரத்தம் சிந்தியிருக்க மாட்டார்.

எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றிய பெரியவரை நினைத்துக்கொள்கிறேன். கேரியரின் இரண்டு பக்கமும் கேன், இரண்டும் அச்சை ஒட்டித் தாழத் தொங்கும். ஒரு கேனைக் காலி செய்துவிட்டு அடுத்ததைத் திறக்கவே மாட்டார். ஒரு வீட்டுக்கு இடப்பக்கக் கேனிலிருந்து அளந்தால் அடுத்த வீட்டுக்கு வலப்பக்கத்திலிருந்து அளப்பார். கடைசிப் படி வரைக்கும் வண்டி ஒரு பக்கம் சாயாது. போகப் போகச் சுமை மாறும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நீங்கள் குடிக்கிற தண்ணீரும், தின்கிற சோறும், நனைந்து கனத்த துணியும் சமநிலையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. காலையில் கட்டியதோடு வேலை முடிந்தது என்று எண்ணாதீர்கள். நிற்கிற இடத்திலெல்லாம் பாருங்கள்.

1954இல் தியன் பியன் பூ போர்முனைக்கு வியட்நாமியர்கள் ஒரு சைக்கிளில் 200 கிலோவுக்கு மேல் ஏற்றிக் காட்டுவழியே தள்ளிச் சென்றார்கள். இரு பக்கமும் சரியாகப் பிரித்துக் கட்டி, ஹேண்டில்பாரில் மூங்கில் கழியை நீட்டி அதைப் பிடித்துத் திருப்பினார்கள். அத்தனை அவசரத்திலும் கட்டுகிற நேரத்தை அவர்கள் மிச்சம் பிடிக்கவில்லை.

ஆகவே இன்றிரவே எல்லாவற்றையும் தரையில் பரப்புங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்ததை வீட்டிலேயே விடுங்கள். இடப்பையையும் வலப்பையையும் தராசில் தூக்கிப் பாருங்கள். கையால் தூக்கிப் பார்த்தால் கை ஏமாற்றும். அரை கிலோவுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். டூல்ஸ், தண்ணீர், அரிசி போன்ற கனமானவை பையின் அடியில், அச்சுக்குக் கிட்டே இருக்கட்டும். பாரத்தில் ஒரு பங்கு முன்சக்கரத்துக்கும் போகட்டும். கேரியர் தலைமேல் லேசான துணி மட்டும் போதும். ஆடியில் மேல்காற்று இந்தப் பள்ளத்தாக்கில் எப்படி அடிக்கும் என்று தெரியுமல்லவா? போடிக்குப் போகிறவருக்கு அது இடப்பக்கத்திலிருந்து வரும். உயரமாகக் கட்டிய மூட்டையைப் பாய்மரம்போலத் தள்ளும். கொக்கி வைத்த கயிறு தெறித்தால் கண் போய்விடும். பழைய டியூபைக் கிழித்துக் கட்டுங்கள், அதன் பிடிக்கு ஈடில்லை. பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா, பை எவ்வளவு அகலம் துருத்துகிறது என்றும் பாருங்கள். கோயில் கூட்டத்தில் ஒரு பாட்டியின் தோளை இடிக்க அந்த அகலம் போதும்.

கட்டிய வண்டியை முழுப் பாரத்தோடு தெருவில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். பிரேக் பிடியுங்கள், வளையுங்கள். திரும்பி வந்ததும் கேரியர் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று தளர்ந்திருந்தாலும், ஸ்பேனரை எடுத்து முடுக்காமல் படுக்கப் போகாதீர்கள்.