குளக்கட்டில் யாருக்கு இடம்?

பசித்தவர்கள் வாழும் நாட்டில் பறவை பார்ப்பதும் ஒரு வேலையா என்று முகஞ்சுளிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுடைய கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கழுத்திலே தொலைநோக்கி தொங்க, ஜீப்பில் வந்திறங்கும் கனவான்களின் பொழுதுபோக்காகவே அது நெடுங்காலம் கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால், ஓர் இன்பம் சிலருடைய கையில் சிறைப்பட்டிருக்கிறது என்பதனால் அந்த இன்பமே இழிந்ததென்று முடிவு கட்டிவிடலாமா?

சிலாபத்திலிருந்து புத்தளம் செல்லும் வழியில், கடலோரத்தில் இருக்கிறது ஆனைவிழுந்தான். 1,397 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஈரநிலம் 2001ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இலங்கையில் புந்தலவுக்கு அடுத்தபடி அந்தத் தகுதியைப் பெற்றது இதுவே. கடற்கரை, கண்டற்காடு, நன்னீர்க் குளம் ஆகிய மூன்றும் இங்கே அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. நத்தைகுத்தி நாரை, இடைவெளி விட்ட தன் அலகினால் ஓட்டுக்குள் இருக்கும் சதையை இழுத்தெடுக்கிறது. இலைக்கோழி, நீண்ட விரல்களைப் பரப்பித் தாமரை இலைமேல் மூழ்காமல் நடக்கிறது. பனிக்காலத்தில் வடதேசத்துப் பறவைகளும் வந்து சேருகின்றன.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. இக்குளங்கள் இயற்கை தந்த கொடையல்ல. ஒன்றின் மிகைநீர் அடுத்ததற்குப் பாயும்படி, பண்டைக் காலத்து உழைப்பாளிகள் மண் சுமந்து ஆக்கிய தொடர்குளங்கள் அவை. மனிதன் நெல்லுக்காகத் தேக்கிய நீரைத் தேடியே பறவை வந்தது. தமிழ்நாட்டு வேடந்தாங்கலிலும் பறவைகளை முதலில் காத்தவர்கள் கனவான்கள் அல்லர். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த உழவர்களே. ஆகவே, பறவையின்மேல் உரிமை பேச உழைப்பவனுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அப்படியானால், அந்த உழைப்பாளிகளின் வழிவந்தவர்களில் எத்தனை பேருக்குக் குளக்கட்டின்மேல் இடமிருக்கிறது? கண்ணிவெடியில் காலை இழந்தவன், முதுமையில் முழங்கால் தளர்ந்த உப்பளத் தொழிலாளி, சக்கர நாற்காலியில் வளரும் சிறுமி ஆகியோரை ஒரு படியோ ஒரு பள்ளமோ தடுத்து நிறுத்திவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஓய்விலும் பண்பாட்டு வாழ்விலும் பங்குகொள்ளும் உரிமையை அதன் 30ஆம் உறுப்புரை கூறுகிறது. ஊனமுற்றவனுக்குச் சோறும் மருந்தும் கொடுத்தால் போதும், அழகு எதற்கு என்று எண்ணுவது, அவனை அரை மனிதனாகக் கணக்கிடுவதாகும். இலைக்கோழிக்கு நீண்ட விரல்களை இயற்கை கொடுத்தது. நடக்க இயலாதவனுக்குப் பாதையைச் சமுதாயம்தான் கொடுக்கவேண்டும்.

பாதை அமைத்தால் பறவை மிரளாதா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் இக்கரையோரத்தின் கண்டல்கள் சக்கர நாற்காலிகளால் அழியவில்லை. 1980களிலிருந்து பெருகிய இறால் பண்ணைகளுக்காக அவை வெட்டப்பட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பண்ணைகள் பல கைவிடப்பட்டன. உவர்பாய்ந்த வெற்றுக்குழிகள் எஞ்சின. இலாபத்துக்காக ஒரு காட்டையே திறந்துவிட்டவர்கள், ஒரு முடவனின் பாதைக்கு மட்டும் இயற்கையின் பெயரால் கதவடைப்பது அறமாகாது.

அதற்காக எங்கும் சிமெந்தைக் கொட்டச் சொல்லவில்லை. கூடுகட்டும் மரங்களை விட்டு விலகி, மேடுபள்ளமின்றி இறுக்கிய ஒரு மண்பாதை, ஏறுவதற்குச் சரிவு, அமர்ந்து பார்க்க ஒரு மறைவிடம். இவை போதும். மீதி இடம் பறவைக்கே உரியது. அதைக் கால் உள்ளவனும் இல்லாதவனும் ஒருசேர மதிக்கட்டும். எல்லோரும் பார்த்து மகிழும் குளத்தை விற்கத் துணிபவன், எல்லோருக்கும் பதில் சொல்லவேண்டியிருக்கும். பறவைக்கும் அதைவிட உறுதியான காவல் வேறில்லை.