மதுக்கூட உலாவும் விரதத்தின் எல்லையும்

இல்லறத்தார் ஏற்கும் விரதம் இடத்திற்கு இடம் மாறுமா என்னும் வினா மிகப் பழமையானது. பிறந்த ஊரில், பெற்றோரும் உற்றாரும் சூழ வாழ்கையில் மதுவை விலக்குதல் பெரிய செயலன்று. அங்கு அதனை நாட வழியும் குறைவு; நாடினால் பழியும் உண்டு. கடல் கடந்த நகரில், தம்மை அறிந்தார் ஒருவரும் இல்லாத மாலைப் பொழுதில், உடன் பணியாற்றுவோர் அன்புடன் கைபற்றி அழைக்கும்போதுதான், நாம் காத்து வந்தது விரதமா அல்லது ஊர் வழக்கமா என்பது தெளிவாகும்.

கல்வி, பணி, சுற்றுலா ஆகியவற்றின் பொருட்டு நம் இளைஞர் பலர் இன்று ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கின்றனர். அவர்கள் அங்கு எதிர்கொள்ளும் அழைப்புகளுள் ஒன்று, 'பப் கிரால்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் மதுக்கூட உலா. 'கிரால்' என்னும் சொல்லுக்குத் தவழ்தல் என்பது பொருள். ஒரே மாலையில் ஒரு மதுக்கூடத்திலிருந்து அடுத்ததற்கும், அதிலிருந்து மற்றொன்றுக்குமாகச் செல்வதால் இப்பெயர் ஏற்பட்டது. நண்பர்கள் தாமே கூடிச் செய்து வந்த இதனை, வழிகாட்டி ஒருவர் கட்டணம் பெற்று நடத்தும் தொழிலாகவும் இன்று பல நகரங்களில் காண்கிறோம். "நான் ஒரு துளியும் அருந்தப் போவதில்லை, பழச்சாற்றைக் கையில் வைத்துக்கொண்டு உடன் செல்வதில் என்ன பிழை?" என்று அவ்விளைஞர்கள் கேட்கின்றனர். இது நேர்மையான கேள்வி. கடிந்து பேசி இதனை அடக்கிவிடுதல் முறையன்று. ஆராய்ந்து விடை கூறுதலே பெரியோர் கடமை.

இருவகை உலா

எல்லா உலாக்களும் ஒரு தன்மையன அல்ல என்பதை முதலில் உணர வேண்டும். செக் நாட்டுத் தலைநகரான பிராக்கை எடுத்துக்கொள்வோம். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், பீர் அருந்துவதில் நெடுங்காலமாக உலகின் முதலிடத்தில் இருந்து வரும் நாடு அது. அந்நகரின் பழைய பகுதியில் மாலைதோறும் அயல்நாட்டு இளைஞர்கள் கூட்டமாகத் திரட்டப்பட்டு, நான்கைந்து இடங்களுக்கு அழைத்துச் செல்லப்படுவர். நுழைந்தவுடன் ஒரு சிறு கோப்பை கடுமது, பின்னர் குடிப்போட்டி, நள்ளிரவில் நடனக்கூடம் என்று அது தொடரும். அங்குக் காண வேண்டிய பொருள் மதுவைத் தவிர வேறில்லை. அப்பகுதியில் குடியிருப்போர் உறக்கமிழந்து முறையிட்டமையால், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வழிகாட்டியுடன் நடத்தப்படும் இத்தகைய உலாக்களைத் தடைசெய்ய அந்நகராட்சி 2024 அக்டோபரில் முடிவு செய்தது. ஸ்பெயின் நாட்டின் பாலியாரிக் தீவுகளிலும், மகலூஃப் முதலிய சில கடற்கரைப் பகுதிகளில் இவ்வுலாக்களைத் தடுக்கும் ஆணை 2020ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்டது. சமய நோக்கம் ஏதுமின்றி, அண்டை வீட்டாரின் துன்பத்தையும் ஊரின் அமைதியையும் கருதியே அவ்வரசுகள் இம்முடிவுக்கு வந்தன என்பது எண்ணத்தக்கது.

அயர்லாந்துத் தலைநகரான டப்ளினில் 1988 முதல் நடைபெற்று வரும் இலக்கிய மதுக்கூட உலா வேறு வகையைச் சார்ந்தது. டியூக் தெருவிலுள்ள ஒரு மதுக்கூடத்தில் அது தொடங்கும். நடிகர்களே வழிகாட்டிகள். ஜாய்ஸ், பெக்கெட், ஆஸ்கார் ஒயில்டு முதலியோரின் எழுத்துகளிலிருந்து சில பகுதிகளை அவர்கள் நடித்துக் காட்டுவர்; தெருக்களின் வரலாற்றைச் சொல்லுவர்; இறுதியில் வினாவிடைப் போட்டியும் உண்டு. இடையிடையே மதுக்கூடங்களில் சிறிது நேரம் தங்குவர். அருந்துவதும் அருந்தாமையும் அவரவர் விருப்பம்.

இவ்விரண்டையும் ஒன்றாக வைத்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் தீர்ப்பளிப்பது சரியன்று. ஆனால் இரண்டிற்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. உண்ணாமை மட்டும் போதுமா?

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

வினையானது தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வாருக்கு உடன்படுதல் என்னும் மூன்று வாயில்களின் வழியே வந்து சேரும் என்பது நம் ஆன்றோர் கண்ட முடிபு. மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடு இவை பெருகி ஒன்பதாகும். ஒருவர் வாயால் மதுவைத் தீண்டாமல் இருந்தால் ஒன்பதில் ஒரு வாயிலே அடைபடுகிறது. எஞ்சிய எட்டின் நிலை என்ன?

யசோதர காவியத்தின் கதையை அறியாதார் நம்மில் இலர். அரசன் உயிருள்ள கோழியைக் கொல்லவில்லை. மாவினால் செய்த கோழியையே பலியிட்டான். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் அங்கு இருந்தது. அவ்வெண்ணத்தின் பயனாக அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். பழச்சாற்றுக் கோப்பையை ஏந்தி, அருகில் இருப்போர் தள்ளாடுவதைக் கண்டு சிரித்துக் கைதட்டி ஊக்குவிப்பவரின் நிலையும் இதனோடு ஒப்பிடத் தக்கதே. கோப்பையில் மது இல்லை, மனத்தில் இருக்கிறது.

அயர்லாந்து மதுக்கூடங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு மேசையில் அமர்ந்தோர் முறை வைத்து, ஒவ்வொருவரும் அனைவருக்குமாக ஒரு சுற்று வாங்குவர். தன் முறை வரும்போது வாங்காமல் நழுவுதல் இழிவாகக் கருதப்படும். எலுமிச்சைச் சாறு மட்டும் அருந்தும் இளைஞரும் தம் முறையில் ஐந்து பேருக்கு மது வாங்கித் தர நேரும். இது தெளிவாகவே செய்வித்தல். ஆதலால் அவ்விடத்துக்குச் செல்ல நேர்ந்தவர், "நான் இச்சுற்றில் சேரவில்லை, எனக்கு வேண்டியதை நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று தொடக்கத்திலேயே இன்முகத்துடன் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் சுற்றில் சொன்னால் கருமித்தனம் என்பர். முதலிலேயே சொன்னால் கொள்கை என்று மதிப்பர்.

காந்தியடிகளின் விருந்து மேசை

இதற்கு மறுதலையாக ஒரு சான்றையும் காட்டலாம். காந்தியடிகள் 1888இல் இங்கிலாந்துக்குப் புறப்படும் முன்னர், மது, மாது, புலால் மூன்றையும் தீண்டேன் என்று தம் தாயாரின் மனம் அமைதியுற உறுதிமொழி ஏற்றார். அதனை ஏற்பித்தவர் பேசர்ஜி சுவாமி என்னும் ஜைனத் துறவி. இலண்டனில் வழக்கறிஞர் தகுதி பெற, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான விருந்துகளில் கலந்துகொள்வது கட்டாயம். நால்வர் அடங்கிய ஒவ்வொரு குழுவுக்கும் இரண்டு புட்டி திராட்சை மது வழங்குவார்கள். அடிகள் அருந்தமாட்டார் என்பதால், அவரைத் தம் குழுவில் சேர்த்துக்கொள்ளப் பலரும் விரும்பினராம். இரண்டு புட்டியையும் மூவரே முடித்துவிடலாம் அன்றோ! இதனை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் நகைச்சுவையுடன் குறிப்பிட்டுள்ளார்.

இந்நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள. மது பரிமாறும் இடத்தில் அமர்ந்திருந்தும் விரதத்தைக் காக்க இயலும் என்பது ஒன்று. ஒருவர் உண்ணாமையே பிறர் மிகுதியாக உண்ண வழிசெய்யவும் கூடும் என்பது மற்றொன்று. ஆனால் அடிகள் அங்குச் சென்றது தேவை கருதி. அவ்விருந்துகளைத் தவிர்த்தால் அவர் மேற்கொண்ட கல்வி நிறைவுறாது. உலாவுக்குச் செல்லும் நம் இளைஞருக்கு அத்தகைய கட்டாயம் யாது? இக்கேள்வியே இப்பொருளின் உயிர்நிலை.

பயனற்ற தீமை

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களுள் அனர்த்த தண்ட விரதம் ஒன்று. பயன் ஏதுமின்றி விளையும் தீமையை விலக்குதல் என்பது அதன் பொருள். சமந்தபத்திரர் இரத்தின கரண்ட சிராவகாசாரத்தில் இத்தீமையை ஐந்தாகப் பகுக்கிறார். அவற்றுள் பிரமாத சரியை என்பதன்கீழ், நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை வீணே அலைக்கழித்தலோடு, காரணமின்றித் திரிதலையும், பிறரைத் திரியச் செய்தலையும் அடக்குகிறார். பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த இவ்விலக்கணம், கட்டணம் பெற்று மதுக்கூடம் மதுக்கூடமாக அழைத்துச் செல்பவருக்கும், அவர் பின்னே செல்பவருக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதைக் காண வியப்பே மேலிடுகிறது.

மது விலக்கு நம் மூலகுணங்களில் ஒன்றாக வைக்கப்பட்டதன் காரணத்தையும் ஈண்டு நினைவு கொள்ளல் நலம். அது மனத்தை மயக்கும். மயங்கிய மனம் அறத்தை மறக்கும். அறத்தை மறந்தவன் தயங்காமல் தீமை செய்வான் என்று அமிர்தசந்திரர் படிப்படியாகக் காட்டுகிறார். மது பல உயிர்கள் தோன்றும் இடம் என்றும் அவர் கூறுகிறார். நொதித்தல் என்பது ஈஸ்ட் எனும் நுண்ணுயிரின் செயலே என்பதை இன்றைய அறிவியலும் நன்கறியும். டப்ளினின் புகழ்பெற்ற கின்னஸ் பீரைத் தெளிவிக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையை நெடுங்காலம் பயன்படுத்தினர். அதனைக் கைவிடுவதாக அந்நிறுவனம் 2015இல்தான் அறிவித்தது. உடல்நலம் பற்றியோ ஐயமே இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2019ஆம் ஆண்டில் மதுவினால் நேர்ந்த மரணங்கள் 26 இலட்சம். தீங்கற்ற அளவு என்று மதுவுக்கு எதுவுமில்லை என 2023இல் அந்நிறுவனம் அறிவித்தது.

இலக்கியம் என்னும் காரணம்

"டப்ளின் உலாவில் பயன் உண்டே! இலக்கியம் அறியலாம் அன்றோ?" என்று வினவலாம். இது தள்ளத்தக்க வாதமன்று. ஒரு நாட்டின் இலக்கியத்தை அது பிறந்த தெருவில் நின்று கேட்பது நல்ல கல்வியே. மதுக்கூடம் அந்நாட்டார்க்குக் குடிக்கும் இடம் மட்டுமன்று. உரையாடலும் இசையும் நிகழும் ஊர்ப்பொது இடமாகவும் விளங்குகிறது. அதனை அறியாது அம்மக்களை இகழ்தல் பேதைமை.

எனினும் கற்கச் சென்றவர் முழுமையாகக் கற்க வேண்டும். டப்ளின் மதுக்கூடங்கள் பெருமையுடன் நினைவுகூரும் நாடக ஆசிரியர் பிரெண்டன் பீஹன், குடியால் உடல் நலிந்து 1964இல் தம் 41ஆம் வயதில் மறைந்தார். அதே நகரில் 1856இல் பிறந்த பெர்னாட்ஷா, குடிக்கு அடிமையான தந்தையைக் கண்டு வளர்ந்தவர். மதுவையும் புலாலையும் நீக்கி வாழ்ந்து, 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசையும் பெற்று, 94ஆம் வயதில் காலமானார். அந்நகரின் ஓகானல் பெருந்தெருவில் தியோபால்டு மேத்யூ என்னும் பாதிரியாரின் சிலை நிற்கிறது. அவர் 1838இல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் பல இலட்சம் ஐரிஷ் மக்கள் மதுவைத் தீண்டுவதில்லை என உறுதிமொழி ஏற்றனர். 1898இல் அங்குத் தோன்றிய 'பயனியர்' சங்கத்தார், தாம் மது அருந்தாதவர் என்பதற்கு அடையாளமாகச் சிறு சின்னம் ஒன்றைச் சட்டையில் அணிவர். ஆகவே, "அந்நாட்டுப் பண்பாட்டை மதித்தே குடிக்கிறேன்" என்று ஒருவர் கூறுவாராயின், அப்பண்பாட்டின் ஒரு பாதியையே அவர் அறிந்துள்ளார் எனலாம். மறுப்பதும் அந்நாட்டு மரபே.

கொள்ளத்தக்க நெறி

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது. குடிப்பதையே நோக்கமாகக் கொண்ட உலாவில், தாம் குடிப்பதில்லை ஆயினும், நம்மவர் சேர்தல் ஆகாது. அங்குச் செலுத்தும் கட்டணமே உடன்பாடு. அவ்வூரார் இழக்கும் உறக்கத்திலும் நமக்குப் பங்கு வந்து சேரும். வேறு நற்பயன் உள்ள உலாவாயின், முதலில் அப்பயனை மதுக்கூடத்திற்குள் செல்லாமலே பெற இயலுமா என ஆராய வேண்டும். பகல் வேளையில் நடைபெறும் நகர வரலாற்று நடைகளும், நூலகங்களும், அருங்காட்சியகங்களும் எங்கும் உள்ளன. உடன் பணியாற்றுவோரின் நட்புக் கருதிச் செல்ல நேர்ந்தால், புறப்படுமுன் எல்லையை வகுத்துக்கொள்ளுதல் வேண்டும். 'இத்தனை மணி வரை. இன்ன இடம் வரை' என்று நாள்தோறும் தன் நடமாட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் தேசாவகாசிகம் இதற்கென்றே அமைந்தது போல் உதவும். உள்ளே சென்றபின் எல்லை வகுக்க முயல்வோர்க்கு அது பெரும்பாலும் கைகூடுவதில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. விரதம் காப்பவர்க்குச் செருக்கு வரலாகாது. தவத்தால் வரும் செருக்கையும் எண்வகை மதங்களுள் ஒன்றாக வைத்தனர் முன்னோர். குடிப்பவரை மனத்தால் இகழ்ந்தவாறு பழச்சாறு பருகுபவர், ஒரு மயக்கத்தை விட்டு மற்றொரு மயக்கத்தில் வீழ்ந்தவராவார்.

மற்றொன்று இரக்கம் பற்றியது. உடன் வந்தவர் அளவு கடந்து அருந்தி நடக்க இயலாது தவிக்கையில், "என் எல்லை முடிந்தது" என்று விட்டுச் செல்லுதல் அறமாகாது. அவரைத் தாங்கி, வண்டியேற்றி, அறை வரை கொண்டு சேர்த்து, மறுநாள் அதனைப் பிறரிடம் சொல்லி நகையாடாமல் இருத்தல் வேண்டும். தளர்ந்தவரை நிலைநிறுத்தலும், பிறர் குறையை மறைத்தலும் நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் அடங்கும். இது அழைப்பை ஏற்பதற்குச் சொல்லும் சாக்காக ஆகிவிடக் கூடாது. ஆனால் அங்கு இருக்க நேர்ந்தவரின் கடமையாகும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். தொலைவிலுள்ள மக்களிடம் "குடித்தாயா?" என்று மட்டும் வினவுவோர், பொய்க்கு வழி திறந்துவிடுகின்றனர். "எங்குச் சென்றாய், யாருடன் சென்றாய், என்ன கண்டாய், உன் மனம் எவ்வாறு இருந்தது?" என்று அன்புடன் கேட்போம். வாய்மையும் அணுவிரதமே. மது விலக்கைக் காக்க முற்பட்டு வாய்மையை இழக்கும்படி நம் பிள்ளைகளை நெருக்காதிருப்போமாக.