முகமூடி அணியும் அறிவாளர்

தன் கல்வியால் துணை நின்று பிறரைக் காப்பவர், வீரர் என்னும் பெயருக்கு உரியவர் ஆகாரா? அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்கள் சிலவற்றைப் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்து பார்த்தபோது இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

2014 முதல் 2023 வரை ஒளிபரப்பான ‘தி ஃபிளாஷ்’ தொடரில் சிஸ்கோ ரமோன் என்னும் இளம் பொறியாளன் வருகிறான். மின்னல் வேகத்தில் ஓடும் கதாநாயகன் உடுத்தும் செந்நிற உடை இவன் ஆக்கியது. தீயணைப்போருக்காகவே அதனை அவன் முதலில் வடிவமைத்தான் என்று தொடக்கப் பகுதியிலேயே சொல்லப்படுகிறது. எரியும் வீட்டினுள் நுழைபவரின் உடலைக் காக்க எண்ணிய உள்ளம் அது! ஒரு கதைமாந்தனுக்கு இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்? கதை அமைப்போருக்கு அது போதவில்லை. அடுத்தடுத்த பருவங்களில் அவனுக்கு இயல்பை மீறிய ஆற்றல் வந்ததாகக் காட்டி, ‘வைப்’ என்று பெயர் சூட்டி, பகைவரைத் தாக்கும் போராளியாக்கிவிட்டனர். அதே ஆய்வுக்கூடத்து மருத்துவ அறிஞர் கெய்ட்லின் ஸ்னோவும் பனியை ஆயுதமாக்கும் ‘கில்லர் ஃபிராஸ்ட்’ ஆகிறார். ‘ஆரோ’ தொடரின் வழக்கறிஞர் லாரல் லான்ஸ், தங்கையை இழந்தபின் நீதிமன்றம் போதாதென்று முகமூடி அணிகிறார். அந்தப் போரில் பட்ட காயத்தால் 2016இல் ஒளிபரப்பான பகுதியில் உயிரிழக்கிறார். ‘சூப்பர்கேர்ள்’ தொடரின் புகைப்படக் கலைஞர் ஜேம்ஸ் ஆல்சனுக்குங்கூட அதே ஆண்டில் கவசமும் கேடயமும் வந்து சேர்ந்தன.

மூலமான சித்திரக்கதையில் ‘வைப்’ 1984இலேயே போராளிதானே என்பர் சிலர். உண்மையே. ஆனால் அந்தப் பெயருக்குரியவனை ஆய்வுக்கூடத்துப் பொறியாளனாக நம் முன் நிறுத்தியது தொலைக்காட்சித் தொடர். தான் படைத்த நல்லதொரு மாந்தனைத் தானே கலைத்தது என்பதே நம் குறை. ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பகுதிகளை எடுப்போருக்குப் புதுமை வேண்டியிருக்கலாம். புதுமை என்றால் சண்டைதானா?

இங்கே ஒரு தடை எழும். ஆபத்தில் இருப்பவரைக் காக்கக் கை ஓங்குவது இல்லறத்தாருக்கு முற்றிலும் விலக்கப்பட்டதா? இல்லை. சங்கற்ப இம்சையை அறவே விடச் சொன்ன நம் ஆன்றோர், விரோதி இம்சையை இல்லறத்தார் முழுவதும் தவிர்க்க இயலாது என்பதை உணர்ந்தே இருந்தனர். ஆயினும், வேறு வழியின்றிக் கை ஓங்குவது ஒன்று. கை ஓங்கும் வரை ஒருவர் நிறைமனிதர் ஆகார் என்று கருதுவது முற்றிலும் வேறு. இத்தொடர்கள் சொல்லாமற் சொல்வது இரண்டாவதையே.

பள்ளியில் விளையாட்டு விழா நடத்தியோர் இதனை எளிதில் உணர்வர். ஓடி வென்றவனுக்குக் கோப்பை கிடைக்கிறது. விடியற்காலையில் வந்து சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டவனும், கடிகாரம் பிடித்து நேரம் குறித்தவளும் இல்லையேல் ஓட்டமே இல்லை. அவர்களைப் பாராட்ட விரும்பி, “நீங்களும் ஓடுங்கள், கோப்பை தருகிறோம்” என்றால் அது பாராட்டாகுமா? இதுவரை நீங்கள் செய்தது ஒரு வேலையே அன்று என்றல்லவா அதற்குப் பொருள்? நம் பேத்தி ஒருத்தி, “சிஸ்கோவுக்குச் சக்தி எப்போது வரும் பாட்டி?” என்றுதான் கேட்டாள். அந்த உடையை எதனால் செய்தான் என்று கேட்கவில்லை. அவளைக் குறை கூறுவதற்கில்லை. எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்பதைத் தொடர் அவளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது.

பார்ப்போர் சண்டையைத்தான் விரும்புகின்றனர் என்பதும் முழு உண்மையன்று. ‘ஆரோ’வில் கணினி வல்லுநராக வரும் ஃபெலிசிட்டி ஸ்மோக், 2012இல் ஒரே ஒரு பகுதிக்கென்றே சேர்க்கப்பட்டவர். அவருடைய அறிவும் படபடப்பான பேச்சும் அனைவருக்கும் பிடித்துப்போனதால் நிலையான இடம் பெற்றார். பெரும்பாலும் கணினியின் முன் அமர்ந்தபடியேதான் அவர் அத்தனை பேரையும் காத்தார்.

சிஸ்கோவின் கதையிலேயே ஒரு நல்ல திருப்பம் உண்டு. 2019 மே மாதம் ஒளிபரப்பான பகுதியில், தானும் சேர்ந்து உருவாக்கிய மருந்தைத் தானே ஏற்று, அந்த ஆற்றலை விரும்பித் துறக்கிறான். மீண்டும் வெறும் பொறியாளன். பார்த்து மகிழ்ந்தோம். அவ்வாண்டு டிசம்பரில், வேறொரு பெருங்கதைக்குத் தேவைப்பட்டதென்று, அவன் வேண்டாமலே அதனைத் திருப்பித் தந்துவிட்டனர்.