பூட்டும் பயமும்

திண்டுக்கல்லில் மடிக்கணினி வாங்கப் போனேன். “இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை, சார்” என்றார் கடைக்காரர்.

யோசித்தேன். அந்தக் கட்டணத்தில் பலருடைய பழுதுச் செலவும் அடக்கம். கம்பெனியின் லாபமும் அடக்கம். தாங்கக்கூடிய நஷ்டத்துக்கு நம் சேமிப்பே போதும். தாங்க முடியாததற்குத்தான் காப்பீடு.

பூட்டுக்குப் பேர்போன ஊர் இது. 2019-இல் அந்தப் பூட்டு புவிசார் குறியீடும் பெற்றது. பெட்டிக்காகவா பூட்டு வாங்குகிறோம்? உள்ளே இருப்பதற்காக அல்லவா? என் கணினிக்குள் இருக்கப்போவது நான் எழுதும் நாவல். தொலைந்தால் எந்தக் காப்பீடும் அதைத் திருப்பித் தராது. வேண்டாமென்று சொல்லி, பிரதி எடுத்து வைக்க ஒரு பென் டிரைவ் வாங்கினேன்.

பக்கத்தில் ஒருவர், மகளின் படிப்புக்காகக் கடன் வாங்கி வந்ததாகச் சொன்னவர், மறுபேச்சின்றிக் கட்டினார். இன்னொரு கணினி வாங்க அவரால் இயலாது. அவர் செய்ததும் சரியே. என் கணக்கை அவர் மேல் சுமத்த எனக்கு என்ன உரிமை?