கற்றவர் ஏற்ற பதவி

கற்றவர் ஆட்சிப் பொறுப்பேற்கலாமோ என்னும் வினா பழையது. திரு. அ. வரதராஜப்பெருமாளின் வரலாறு அதனை நம் காலத்துக்கும் உரியதாக்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். 1983இல் மட்டக்களப்புச் சிறையினின்று தப்பித் தமிழகத்தில் அடைக்கலம் புகுந்தவர். 1988 டிசம்பரில், இந்தியப் படையின் நிழலில், இலங்கையின் வடகிழக்கு மாகாண முதலமைச்சராய்த் திருகோணமலையில் அமர்ந்தார்.

டிராம்பேயில் நாளெல்லாம் கோப்புகளோடு உழலும் நம்போன்றோர்க்கு ஒன்று தெளிவு: ஒப்புதல் ஆணையும் நிதியும் வாராத பதவி வெறும் பெயர்ப்பலகையே. இலங்கை அரசமைப்பின் 13ஆம் திருத்தம் ஏட்டளவில் தந்த நில, காவல் அதிகாரங்களைக் கொழும்பு கைவிடவில்லை. ஆயினும், அப்பதவியை ஏற்றதே பிழை என்பாரோடு நாம் ஒருப்படோம். வடக்கும் கிழக்கும் ஒன்றாய் நின்ற சபை அது. வெறுங்கையோடேனும் தொடங்குவார் ஒருவர் வேண்டுமன்றோ?

நம் மனம் ஒவ்வாதது வேறு. 1989இல் இந்தியப் படை திரும்பும் காலம் நெருங்கவே, முதல்வர் சார்ந்த ஈ.பி.ஆர்.எல்.எஃப். இயக்கத்தினர், தமிழ்த் தேசிய இராணுவத்துக்கென்று இளம்பிள்ளைகளை வழிமறித்துப் பிடித்துச் சென்றனர். சில நாட் பயிற்சியோடு துப்பாக்கியைக் கையில் கொடுத்தனர். நிதியும் அதிகாரமும் பிறரிடம் இருந்தன; இதனை மறுக்கும் சொல் அவரிடமே இருந்தது. வகுப்பறையில் அத்தகைய முகங்களை நோக்கிப் பாடம் சொன்னவர் அல்லரோ அவர்!

1990 மார்ச்சில் அவர் மீண்டும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்பிள்ளைகளுள் பலர் அதற்கு முன்பே புலிகளின் கையில் மாண்டிருந்தனர்.